ஒரு பணியாரத்தின் சொற்கள்

மொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு ஏற்ற இடம் பள்ளி என்பர். நூலகம் என்பாரும் உளர். எனக்கு ஸ்பானிய மொழி ஓரளவு கைவந்த இடம் ஓர் அடுக்களை. வரலாற்று ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றபின், தென் ஸ்பெயினின் பழைய ஆவணங்களை அந்நாட்டு மொழியிலேயே படித்தறிய வேண்டும் என்னும் அவா என்னுள் எழுந்தது. ஆகவே கிரனாடா நகரில் ஒரு குளிர்காலத்து மூன்று திங்கள் தங்கியிருந்தேன். புறப்படுமுன் சென்னையிலே சொற்பட்டியல் நூல் ஒன்று வாங்கிச் சென்றேன். அதில் இரண்டாயிரம் சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. காலையில் நான் நெட்டுருச் செய்த சொல் மாலையில் என்னிடம் விடைபெற்றுக்கொள்ளும். மாணவர்களுக்கு நெட்டுருவின் பெருமையை முப்பது ஆண்டு எடுத்துரைத்தவனுக்கு இஃது ஒரு தக்க தண்டனை என்றே எண்ணிக்கொண்டேன்.

நான் தங்கியிருந்த வீடு அல்பைசின் என்னும் மலைச்சரிவில் இருந்தது. எதிரே மற்றொரு குன்றின்மேல் அல்ஹம்பிரா மாளிகையின் செந்நிற மதில்கள் தோன்றும். வீட்டுக்குரிய மூதாட்டியார் என்னை 'இஹோ' என்று அழைப்பார். மகனே என்பது அதன் பொருள். நரைத்த தலையுடன் நின்ற எனக்கு முதலில் அது நாணத்தையும் பின்னர் மகிழ்ச்சியையும் தந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில நாள் முன்னர் அவ்வம்மையார் ஒரு பணியாரம் செய்யத் தொடங்கினார். மாவைப் பிசைந்து, மெல்லிய துண்டுகளாக்கி, இரு முனைகளை நடுவில் மடித்து ஒட்டி, எண்ணெயில் பொரித்து, தேனில் தோய்த்து எடுப்பது. அதன் பெயர் பெஸ்திஞோ. ஆங்கிலேயர் இப்பெயரை ஒலிக்கச் சற்றே இடர்ப்படுவர், நமக்கு அவ்விடரில்லை. நம் நெடுங்கணக்கிலுள்ள ஞகரமே அங்கும் ஒலிக்கின்றது. அந்தலூசிய மக்கள் இதனைக் கிறிஸ்துமஸ் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் செய்து உண்பர்; அண்டை வீடுகளுக்கும் அனுப்புவர்.

அவரிடம் இதன் செய்முறையைக் கேட்டேன். ஒரு தாளில் தம் கையாலேயே எழுதித் தந்தார். அன்று முதல் சொற்பட்டியல் நூலை மூடிவைத்தேன். அத்தாளே என் பாடப்புத்தகம் ஆயிற்று. தாளில் இருந்த பொருள்கள் பத்து. மாவு, உப்பு, தேன், வைன், இலவங்கப்பட்டை, எண்ணெய், எள், நம் சோம்பினைப் போன்ற ஒரு வித்து, ஆரஞ்சுப் பழத்தின் தோல், தேன் குறைந்தால் மேலே தூவச் சர்க்கரை. எண்ணெயை முதலில் காய்ச்சி, அதில் அவ்வித்தையும் தோலையும் இட்டு மணமேற்றி, ஆறவைத்துப் பின்னரே மாவுடன் கலத்தல் வேண்டும். இதனை அம்மையார் மும்முறை சொன்னார். மும்முறையும் சொற்கள் என் செவியில் விழுந்தன. மாவைத் தொட்டுக்கொண்டு மாவின் பெயரைக் கேட்டவன் அதனை மறப்பது அரிது.

எண்ணெயிற் பொரித்த இத்தகைய இனிப்புகள் அனைத்துக்கும் ஸ்பானியர் ஒரு பொதுப்பெயர் வைத்துள்ளனர். 'வாணலிப் பழங்கள்' என்று அதனைத் தமிழாக்கலாம். மரத்தில் பழுப்பதுபோல வாணலியில் பழுக்கின்றனவாம்! வாணலிக்கு அவர்கள் சொல் 'சர்த்தேன்'. அதைக் கேட்டவுடன் என் தமிழ்ச்செவி ஈற்றிலுள்ள தேனைப் பற்றிக்கொண்டது. தேன் பணியாரம் பொரிக்கும் கலம் ஆதலின் சர்த்தேன் என்று மனத்தில் பதித்துக்கொண்டேன். நினைவுக்கு அது நல்ல துணை. ஆராய்ச்சிக்கோ அது பெரும்பகை. சர்த்தேன் என்பது 'சர்த்தாகோ' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் தேனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலி ஒத்திருப்பதனாலேயே உறவு உண்டென்று கொள்வது எளிது; கற்றோரும் அதில் வழுக்கியதுண்டு. அதற்கு ஒரு புகழ்பெற்ற சான்றினைப் பின்னர்க் கூறுவேன்.

இனி அந்தப் பத்துச் சொற்களுக்கு வருவோம். மாவு 'அரீனா'. லத்தீனில் அது 'பரீனா' என்னும் ஒலியுடன், உதட்டைப் பல்லால் தொட்டு ஒலிக்கும் எழுத்தில் தொடங்கியது. ஸ்பானிய மொழியில் அம்முதலெழுத்து மூச்சொலியாய்த் தேய்ந்து, பின் முற்றும் மறைந்தது. எழுத்தில் மட்டும் அதன் அடையாளம் நிற்கின்றது. மகனைக் குறிக்கும் 'பிலியுஸ்' என்னும் லத்தீன் சொல் 'இஹோ' ஆனதும் இவ்வாறே. ஆக, அம்மையார் என்னை அழைத்த சொல்லும் அவர் பிசைந்த மாவின் பெயரும் ஒரே விதிக்கு உட்பட்டவை. இந்த ஒரு விதியை அறிந்தபின் நூறு சொற்கள் எனக்குத் திறந்துகொண்டன. உப்பு 'சால்', தேன் 'மியேல்', வைன் 'வீனோ', இவையும் லத்தீனே. இலவங்கப்பட்டைக்குரிய 'கானெலா' என்பதும் லத்தீன் வழியில் வந்தது. நாணற்குழல் போல் சுருண்டிருப்பதால் வந்த பெயர். பட்டைக்குத் தாயகம் நம் அண்டையிலுள்ள இலங்கை. பெயருக்குத் தாயகம் உரோமாபுரி.

மற்றை ஐந்தும் வேறு குடியைச் சேர்ந்தவை. எண்ணெய் 'அசெய்த்தே', அரபு மொழியில் 'அஸ்ஸைத்'. சர்க்கரை 'அசூக்கர்', அரபில் 'அஸ்ஸுக்கர்'. எள் 'அஹோன்ஹொலீ', அரபில் 'ஜுல்ஜுலான்'. சோம்பு போன்ற வித்து 'மத்தலவூவா'. இனிப்பான வித்து என்று பொருள்படும் அரபுத் தொடர் ஒன்று தேய்ந்து இவ்வடிவு பெற்றது. ஆரஞ்சு 'நாரான்ஹா', அரபில் 'நாரஞ்ச்'. பத்தில் ஐந்து லத்தீன், ஐந்து அரபு. ஒரு கையளவுப் பணியாரத்தில் இரண்டு பேரினங்கள் சரிபாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டு அமர்ந்திருக்கின்றன.

இவற்றுள் இரண்டு சொற்கள் நம் நாட்டிலிருந்து சென்றவை என்பதை ஈண்டுக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகம் சென்று, அரபு நாடு சென்று, ஸ்பெயினை அடைந்து அசூக்கர் ஆயிற்று. அதே சொல் தெற்கே வந்து நம் வீட்டுச் சர்க்கரை ஆயிற்று. நாரான்ஹாவோ இன்னும் தொலைவிற் சென்று பார்த்தால் வடமொழி 'நாரங்க'த்தை அடையும். அதற்கும் மூலம் திராவிட மொழிகளில் உள்ளது என்பது மொழிநூலார் பலரின் கருத்து. நம் நாரத்தங்காயை எண்ணிப் பாருங்கள்.

சொற்கள் இவ்வாறு குடியேறியதற்குக் காரணம் யாது? கி.பி. 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினில் நுழைந்தன. 1492 ஜனவரி 2-ஆம் நாள் கிரனாடா நகரம் கத்தோலிக்க அரசர்களிடம் பணிந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 780 ஆண்டுகளில் கரும்பும் ஆரஞ்சும் அரபு மக்களால் அந்நாட்டில் பயிராக்கப்பட்டன. புதிய பொருள் வரும்போது அதன் பெயரும் உடன் வரும் என்று நாம் எளிதாக விடை கூறிவிடலாம். பாடநூல்கள் பெரும்பாலும் அவ்வாறே கூறுகின்றன. சர்க்கரைக்கும் ஆரஞ்சுக்கும் அவ்விடை பொருந்தும். எண்ணெய்க்குப் பொருந்துமா? அரபு மக்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, உரோமப் பேரரசுக்கு ஒலிவ எண்ணெய் அனுப்பிய நிலம் அது. சாடி சாடியாக அங்கிருந்து எண்ணெய் உரோமாபுரிக்குச் சென்றது. அந்நாட்டில் எண்ணெய்க்குப் பெயர் இல்லாமலா இருந்தது? 'ஓலெயும்' என்னும் லத்தீன் சொல் இருந்தது. இன்றும் தேவாலயத்தில் பூசும் புனித எண்ணெய்க்கும், ஓவியர் குழைக்கும் வண்ணத்துக்கும் 'ஓலெயோ' என்றே வழங்குகின்றனர். அடுக்களையில் மட்டும் அச்சொல் அரபுச் சொல்லுக்கு இடம் விட்டது. இன்னும் வியப்பு, மரத்தின் பெயர் 'ஒலீவோ', அது லத்தீன். அதே மரத்தில் காய்க்கும் காயின் பெயர் 'அசெய்தூனா', அது அரபு. எண்ணெய் ஆட்டும் செக்காலையின் பெயர் 'அல்மசாரா', அதுவும் அரபு.

இதற்கு நான் காணும் விளக்கம் ஒன்றே. பொருள் புதிதாய் வந்ததனால் மட்டும் சொல் மாறுவதில்லை. நாள்தோறும் அப்பொருளை ஆட்டுவோரும் விற்போரும் வாங்குவோரும் கலந்து பழகினால்தான் பழைய பொருளுக்கும் புதிய பெயர் ஒட்டும். அசெய்த்தே என்பது படையெடுப்பின் சின்னம் அன்று, சந்தையின் சின்னம். வெற்றி பெற்றவன் தன் சொல்லைத் திணித்தான் என்று கூறவும் இயலாது. ஆட்சி கைமாறியபின் அச்சொல்லை நீக்கும் வல்லமை மறுதரப்பாரிடம் ஐந்து நூற்றாண்டாக இருந்தது, அவர்கள் நீக்கவில்லை. நம் மொழியிலும் எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர்த் தேங்காய் எண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் அச்சொல் பரந்து விரிந்தது. அவ்வாறே ஒலிவ எண்ணெயைக் குறித்த அசெய்த்தே இன்று சூரியகாந்தி எண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டது.

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய சான்று இது. ஸ்பானியரின் பெருங்கதையான 'தோன் கிஹோத்தே'யை எழுதிய செர்வாந்தெஸ், 1615-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தின் 67-ஆம் அத்தியாயத்தில், தம் தலைவனைச் சான்சோவுக்கு மொழிநூல் கற்பிக்கச் செய்கின்றார். 'அல்' என்று தொடங்கும் ஸ்பானியச் சொற்கள் எல்லாம் மூர்களுடையவை என்பது தலைவன் கூறும் விதி. அவன் காட்டும் உதாரணங்களில் ஒன்று 'அல்மொர்சார்', காலையுணவு கொள்ளுதல். அந்தோ! அது கலப்பற்ற லத்தீன் வேரினது. வாதுமையைக் குறிக்கும் 'அல்மெந்திரா'வும் அவ்வாறே லத்தீனில் பிறந்து, அரபுச் சொற்களின் நெருக்கத்தால் தலையில் ஓர் 'அல்' சூடிக்கொண்டது. மறுபுறம், நம் பணியாரத்தின் அசெய்த்தேயும் அசூக்கரும் அவ்விதிக்குள் அகப்படாமல் தப்பிவிடுகின்றன. ஏனெனில் அரபில் 'அல்' என்னும் முன்னொட்டு, பின்வரும் எழுத்துக்கேற்பத் திரியும். மரம் என்பது கள் விகுதியோடு சேர்ந்து மரங்கள் ஆவது போன்ற புணர்ச்சி அது. அல்-ஸுக்கர் அஸ்ஸுக்கர் ஆகும். ஆக, அவ்விதி கொள்ளத் தகாததைக் கொள்கின்றது. கொள்ளத் தக்கதை விடுகின்றது. தலைவன் பித்தன் என்பதால் செர்வாந்தெஸ் வேண்டுமென்றே பிழை செய்தாரோ என்று கேட்கலாம். அக்காலத்துக் கற்றோரும் அவ்வாறே நம்பினர் என்பதே என் கருத்து. பெஸ்திஞோ என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இது மூர்களின் பணியாரம், ஆகவே பெயரும் அரபே என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அகராதியாளரோ அதனை இடித்தல், பொடித்தல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லோடு சார்த்துவர். பண்டத்துக்கு ஒரு வரலாறு, பெயருக்கு ஒரு வரலாறு. இரண்டையும் குழப்புதல் ஆகாது.

கிரனாடா பணிந்தபோது, முஸ்லிம்கள் தம் சமயத்தையும் வழக்கங்களையும் காத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் உறுதி கூறப்பட்டிருந்தது. அந்நகரின் முதற் பேராயர் எர்னாந்தோ தே தலவேரா அம்மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசவேண்டும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தின் பயனாக 1505-இல் கிரனாடாவில் ஓர் அரிய நூல் அச்சேறியது. பேத்ரோ தே அல்கலா என்னும் துறவி தொகுத்த அச்சொற்களஞ்சியம், ஸ்பானியச் சொல்லுக்கு நேரே கிரனாடா மக்கள் பேசிய அரபுச் சொல்லை ஸ்பானிய எழுத்திலேயே தந்தது. பாவமன்னிப்புக் கேட்கும் குருமார் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் மதமாற்றமே ஆயினும், அயலான் மொழியைத் தான் கற்கவேண்டும் என்னும் பணிவு அதில் இருந்தது. என் சொற்பட்டியல் நூலை நினைத்து, அத்துறவியும் காலையில் கற்றதை மாலையில் மறந்திருப்பாரோ என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

பணிவு நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நூல் வெளிவருமுன்னரே உடன்படிக்கை முறிந்துவிட்டது. கர்தினால் சிஸ்னெரோஸ் அரபு நூல்களைக் குவித்து எரிக்கச் செய்தார். 1502-இல் காஸ்தீல் நாட்டு முஸ்லிம்கள் அனைவரும் கிறிஸ்தவராதல் வேண்டும், அன்றேல் வெளியேறவேண்டும் என்ற ஆணை பிறந்தது. அவ்வாறு மதம் மாறியவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களுமே மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். பின்னர், 1567 ஜனவரி முதல் நாளில், இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் முழங்கியது. மூன்றாண்டுக்குள் மொரிஸ்கோக்கள் காஸ்தீலிய மொழியைக் கற்றுக்கொள்ளவேண்டும். அதன்பின் எவரும் அரபைப் பேசலாகாது, படிக்கலாகாது, எழுதலாகாது. வெளியிடத்தில் மட்டுமன்று, தம் வீட்டிலும் ஆகாது. அவர்தம் உடையும், பெயரும், குளிக்கும் கூடங்களும் உடன் விலக்கப்பட்டன.

மொழி கற்பது எத்துணை அரிது என்பதை அப்போது நான் நன்கறிந்திருந்தேன். அச்சமின்றி, விருப்பத்தோடு, ஓய்வூதியத்தோடு கற்கப் போன எனக்கே மூன்று திங்களில் ஓர் அடுக்களைச் சொற்களே வசப்பட்டன. மலையூரில் ஆடு மேய்க்கும் ஒரு முதியவள் மூன்றாண்டில் தன் மொழியை மறந்து பிறர் மொழியில் கனவு காணவேண்டும் என்று ஆணையிட்டவர்கள் ஒருநாளேனும் பிறமொழி கற்க முயன்றிருப்பார்களா?

இதே வினாவை அன்றே ஒருவர் எழுப்பினார். பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலேய் என்பது அவர் பெயர். மொரிஸ்கோப் பெரியோர்களில் ஒருவர். இளமையில் பேராயர் தலவேராவிடம் ஏவலராய்ப் பணிபுரிந்தவர். கிரனாடா நீதிமன்றத் தலைவர் பேத்ரோ தே தேசாவுக்கு அவர் அளித்த முறையீடு இன்றும் கிடைக்கின்றது. முதுமையில் எழுதிய அம்முறையீட்டில் சினம் இல்லை, தெளிவு உண்டு. அரபு மொழி வேறு, இஸ்லாம் வேறு என்கின்றார். கிழக்கு நாடுகளில் அரபு பேசும் கிறிஸ்தவர்கள் உள்ளனரே, மால்டா தீவில் உள்ளனரே, அவர்கள் கிறிஸ்தவர் அல்லரோ என்று வினவுகின்றார். உடை என்பது நாட்டு வழக்கு. ஸ்பெயினின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வோர் உடை உண்டு. அதனால் சமயம் மாறுவதில்லை என்கின்றார். முதியோர் காஸ்தீலியம் கற்றல் இயலாது என்பதையும் எடுத்துரைக்கின்றார். நான் படித்த வரலாற்று ஆவணங்களுள் என்னை இத்துணை ஈர்த்தது வேறில்லை. அது செவிசாய்க்கப்படவில்லை. 1568 கிறிஸ்துமஸ் முன்னிரவில் அல்புஹாரா மலைப்பகுதியில் கலகம் மூண்டது. இரு தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. கலகம் ஒடுக்கப்பட்டபோது, கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் பல்லாயிரவர் குளிரில் நடத்திச் செல்லப்பட்டுக் காஸ்தீலின் பல ஊர்களில் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் அனைவரும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ மூன்று இலட்சம் என்பர்.

இந்நூற்றாண்டில் அடுக்களையும் வேவுக்கு உட்பட்டது. பன்றிக் கொழுப்பை விலக்கி எண்ணெயில் சமைப்பவர் இரகசியமாய் முஸ்லிமோ யூதரோ என்னும் ஐயம் இன்குவிசிஷன் விசாரணைகளில் இடம்பெற்றது. யூத வழியினர் பன்றிக்கொழுப்பின்றி எண்ணெயில் சமைப்பதை, பெர்னால்தெஸ் என்னும் குரு தம் வரலாற்று நூலில் வெறுப்போடு குறித்து வைத்தார். 1528-இல் வெனிஸ் நகரில் அச்சான ஒரு கதைநூல் இதற்கு மறுபக்கம் காட்டும். பிரான்சிஸ்கோ தெலிகாதோ என்னும் குருவானவர் எழுதியது. கோர்தோபாவில் பிறந்து உரோமாபுரியில் வாழ்ந்த லொசானா என்பவளின் கதை. மாணவர் கையில் முழுதும் கொடுக்கத்தக்க நூலன்று அது. ஆயினும் அதில் ஒரு பகுதி பொன்னானது. தன் பாட்டியிடம் கற்ற உணவுகளை அவள் அடுக்கிச் சொல்கின்றாள். அவ்வரிசையில் நம் பெஸ்திஞோ இருக்கின்றது. எள்ளிட்ட இனிப்பு இருக்கின்றது. பன்றிக்கொழுப்பு இன்றிச் சீரகமிட்டுச் சமைத்த கிழங்கும் இருக்கின்றது. அக்காலத்து வாசகர்க்கு அக்கிழங்கு ஒன்றே போதும், பாட்டியின் குலம் விளங்கிவிடும்.

தலைவன் மொழிநூல் கற்பித்த அதே பாகத்தின் 54-ஆம் அத்தியாயத்தில், செர்வாந்தெஸ் ரிகோத்தே என்னும் மொரிஸ்கோக் கடைக்காரனைக் கொண்டுவருகின்றார். சான்சோவின் ஊரான், துரத்தப்பட்டவன், ஜெர்மானிய யாத்திரிகர் கூட்டத்தில் மாறுவேடம் பூண்டு தாயகம் திரும்புகின்றான். வழியில் சான்சோவைக் கண்டு, இருவரும் புல்தரையில் அமர்ந்து உண்கின்றனர். அந்த விருந்தில் உலர்ந்த ஒலிவக்காய்களும் இருக்கின்றன, சுவைத்து எஞ்சிய பன்றித்தொடை எலும்பும் இருக்கின்றது, மதுவும் இருக்கின்றது. பின்னர் ரிகோத்தே தன் துயரத்தைத் தூய காஸ்தீலிய மொழியில், அரபுமொழிச் சாயல் சிறிதுமின்றி, எடுத்துரைக்கின்றான் என்கிறார் ஆசிரியர். மொழி கற்றுக்கொள்ளவில்லை என்னும் குற்றச்சாட்டு அவன்மேல் நில்லாது. அவன் துரத்தப்பட்டது எதற்காக என்பதைச் செர்வாந்தெஸ் வெளிப்படக் கேட்கவில்லை.

துரத்தல் நடந்துகொண்டிருந்த 1611-ஆம் ஆண்டில், ஸ்பானிய மொழிக்கெனச் செபாஸ்தியான் தே கோபரூபியாஸ் தொகுத்த பேரகராதி வெளிவந்தது. அவர் கூயெங்கா தேவாலயத்தின் குரு, இன்குவிசிஷனுக்கு ஆலோசகர். அவர்தம் அகராதியில் சொல்லுக்குச் சொல் அரபு மூலம் என்று குறித்துச் செல்கின்றார். துறைமுகத்தில் மக்கள் கப்பலேற்றப்படுகின்றனர். அச்சகத்தில் அவர்தம் சொற்கள் ஸ்பானியச் சொத்தாகப் பதிவு செய்யப்படுகின்றன. இடப்பெயர்களையும் கிளைச்சொற்களையும் கூட்டினால் ஸ்பானிய மொழியில் அரபு வழிவந்தவை ஏறத்தாழ 4,000 என்பது அறிஞர் கணக்கு. சொற்கள் எஞ்சின என்று மகிழ்வோர் உளர். எனக்கு அம்மகிழ்ச்சி முழுமையாக வரவில்லை. சொல்லைப் பேணியவர்களே அதனைப் பேசிய வாயைத் துரத்தினர்.

துரத்தப்பட்டோர் மொராக்கோவிலும் துனீசியாவிலும் குடியேறினர். துனீசியாவின் தெஸ்தூர் என்னும் ஊர் அவர்கள் அமைத்தது. மொராக்கோவில் நோன்பு மாதத்தில், எள்ளும் சோம்பும் சேர்த்துப் பிசைந்த மாவை முறுக்கிப் பொரித்துத் தேனில் இடும் ஒரு பணியாரம் இன்றும் செய்யப்படுகின்றது. பெஸ்திஞோவுக்கு அது உடன்பிறப்பு என்றே கண்டார் கருதுவர். கடலின் ஒரு கரையில் கிறிஸ்துமஸுக்கு, மறு கரையில் ரமலானுக்கு. பன்றிக்கொழுப்பா எண்ணெயா என்று பார்த்து மனிதரைப் பிரித்த அதே நாடு, இன்று உலகில் மிகுதியாக ஒலிவ எண்ணெய் ஆட்டும் நாடு.

அம்மையாரின் அடுக்களைக்கு மீண்டும் வருகிறேன். பொரித்தவை ஆறிக்கொண்டிருந்தன. ஒன்று நன்றாய் அமைய, அதன்மேல் மற்றொன்றும் கூடினால், ஸ்பானியர் 'ஒஹுவேலாவின்மேல் தேன்' என்பர். ஒஹுவேலா என்பதும் இலைபோல் மெல்லியதாய்ப் பொரித்த ஒரு பணியாரமே. அப்பழமொழியை அவர் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எங்கள் ஊரில் கூறுவோம் என்று நான் திக்கித் திக்கி மொழிபெயர்த்தேன். பாலில் பழம் விழுந்தால் பால் சிந்தாதோ என்று கேட்டார். அதற்கு விடையளிக்கும் அளவு ஸ்பானியம் என்னிடம் இல்லை.

பின்னர் எள் இருந்த தாளுறையைக் காட்டி, அஹோன்ஹொலீ என்று நானே முந்திக்கொண்டு கூறினேன். அவர் கைதட்டினார். எங்கள் நாட்டிலும் நல்லெண்ணெய்ப் புட்டியின்மேல் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிலி' என்று அச்சிட்டிருப்பர் என்றேன். ஜுல்ஜுலானே போர்த்துக்கீசியர் வாயில் 'ஜெர்ஜெலிம்' ஆகி, கப்பலேறி, நம் கடற்கரையில் அவ்வாறு இறங்கியது என்பதையும் ஒருவாறு விளக்கினேன். அது வணிகர் சொல், உங்கள் தாயார் என்ன சொல்வார் என்று கேட்டார். எள் என்றேன். எத்துணைச் சிறிய சொல் என்று வியந்து, மூன்றுமுறை சொல்லிப் பார்த்தார். ளகரம் அவருக்கு வரவில்லை. எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்து நாங்களும் உருண்டை பிடிப்போம் என்றேன். செய்முறை கேட்டார். அவர் எனக்கு எழுதித் தந்த தாளையே திருப்பி, பின்பக்கத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினார். வெல்லத்துக்கு ஸ்பானியத்தில் என்ன சொல் என்பது இருவருக்கும் தெரியவில்லை. நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் 'அசூக்கர்' என்று எழுதி, அதனருகே 'கறுப்பு' என்று சேர்த்துக்கொண்டார்.